காயம்பட்டவரைக் கேட்டு எழுதுங்கள்!

தொழிலில் அடிபட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்பதை இன்று நம் நாட்டில் மறுத்துப் பேசுவார் எவருமில்லை. அதற்குச் சட்டம் இருக்கிறது; சந்தா கட்டப்படுகிறது; பட்டணத்துக்குப் பட்டணம் அலுவலகமும் இருக்கிறது. அப்படியிருந்தும், நிரையில் சறுக்கி விழுந்து இடுப்பொடிந்தவரும், உளி பாய்ந்து விரல் நரம்பு அறுந்தவரும், பால் ஸ்டோரில் ஆசிட் தெறித்துக் கண் மங்கியவரும் தமக்குச் சேரவேண்டியதைப் பெற்று முடிப்பதற்குள் படுகிற பாடு கொஞ்சமல்ல. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்த இடத்துக்கு நன்றாகப் பொருந்தும்.

தொகை போதுமா போதாதா என்ற வாதம் வேறு. அதைத் தொழிற்சங்கங்கள் பேசிவருகின்றன, இனியும் பேசும். இன்று நாம் எடுத்துக்கொள்ளும் விஷயம் தொகையைப் பற்றியதல்ல. அடிபட்டவர் நஷ்டஈடு கேட்டு வரும்போது அவரை எப்படி நடத்தவேண்டும், அவருக்கு என்ன சொல்லவேண்டும், எந்த மொழியில் சொல்லவேண்டும், முடிவு தவறென்று பட்டால் அவர் எங்கே போய் முறையிடலாம் என்பதைப் பற்றியது. இவற்றைச் சட்டத்தின் பலத்தோடு ஓர் உரிமைக் கோவையாக எழுதவேண்டும் என்பது நம் முதல் கோரிக்கை. அதை எழுதுமுன் அடிபட்டவர்களையே கூப்பிட்டுக் கேட்கவேண்டும் என்பது இரண்டாவது கோரிக்கை. இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் வந்தால் அதனால் பெரிய பயன் விளையாது என்பது நம் கருத்து.

நாம் விட்டுக்கொடுத்தது என்ன?

1952-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின்படி, அடிபட்ட தொழிலாளிக்குப் பணம் கொடுக்கும் பொறுப்பு முதலாளியைச் சேர்ந்தது. பெரும்பாலும் ஒரே தடவையில் ஒரு தொகை. அத்தோடு கணக்குத் தீர்ந்தது. கையிழந்தவர் அந்தத் தொகையைக் கொண்டு எத்தனை காலம் உண்பார் என்று கேட்பாரில்லை. பிறகு 1969-ல் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1971-ல் சொக்சோ அமைக்கப்பட்டது. விபத்து யாருடைய தவறு என்று நிரூபிக்கவேண்டிய கட்டாயம் போயிற்று. நிரந்தர ஊனமானவருக்கு மாதந்தோறும் பணம், இறந்தவரின் குடும்பத்துக்கு உதவித்தொகை, வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்துக்கும் பாதுகாப்பு என்று பல நன்மைகள் வந்தன. இவற்றை நாம் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவைத் தொழிலாளர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? இச்சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள தொழிலாளி, வேலையில் ஏற்பட்ட காயத்துக்காகத் தம் முதலாளியின் மீது வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்க முடியாது என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அதாவது, கோர்ட்டுக்குப் போகும் உரிமையை நாம் விட்டுக்கொடுத்திருக்கிறோம். அதற்கு ஈடாக வந்ததுதான் சொக்சோ. ஆகவே அங்கே கிடைக்கும் பணம் தர்மமன்று, இனாமுமன்று. ஓர் உரிமையைக் கொடுத்து நாம் வாங்கிய இன்னோர் உரிமை அது.

இருந்த இரண்டு வாசலில் ஒன்றை அடைத்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் ஒரே வாசலில் நம்மை எப்படி வரவேற்பார்கள் என்று கேட்பதற்கு நமக்கு முழு பாத்தியதை உண்டு. இதைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று எவரும் சொல்லமுடியாது.

நியூசிலாந்து காட்டிய வழி

நம்மைப் போலவே கோர்ட்டு வாசலை அடைத்த இன்னொரு நாடு நியூசிலாந்து. அங்கே நீதிபதி ஓவன் வுட்ஹவுஸ் தலைமையில் ஒரு ராயல் கமிஷன் விசாரித்து 1967-ல் அறிக்கை கொடுத்தது. அதன்படி 1972-ல் சட்டம் வந்து, 1974 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. காயம் வேலையில் பட்டதா, வீட்டில் பட்டதா, சாலையில் பட்டதா என்ற பேதமில்லாமல் எல்லாருக்கும் ஒரே பாதுகாப்பு ஏற்பட்டது. அதற்குப் பதிலாக, காயத்துக்காக வழக்குப் போடும் உரிமையை மக்கள் விட்டுக்கொடுத்தார்கள்.

இத்தனை நல்ல திட்டம் வந்த பிறகும் அந்த நாட்டுச் சட்டசபை அத்தோடு நின்றுவிடவில்லை. 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனியாக ஒரு பகுதியை ஒதுக்கி, நஷ்டஈடு கோருவோரின் உரிமைக் கோவை ஒன்றை ஏற்படுத்தவேண்டும் என்று விதித்தது. வரைவைத் தயாரித்து, அதைப் பொதுமக்கள் முன் வைத்து, அவர்கள் கருத்தைக் கேட்ட பின்னரே கோவையை முடிவுசெய்தார்கள். அது 2003 பிப்ரவரி முதல் தேதி அமலுக்கு வந்தது.

அதில் எட்டு உரிமைகள் உள்ளன. ஒன்று, கண்ணியத்தோடும் மரியாதையோடும் நடத்தப்படுதல். இரண்டு, நியாயமாக நடத்தப்படுதல். தம் கருத்தைக் கேட்கச் செய்தல். மூன்று, தம் பண்பாடும் நம்பிக்கையும் மதிக்கப்படுதல். நான்கு, துணைக்கு ஒருவரை உடன் அழைத்துவருதல். ஐந்து, தமக்கு விளங்கும்படி பேசப்படுதல். ஆறு, முழு விவரமும் தெரிவிக்கப்படுதல். ஏழு, அந்தரங்கம் காக்கப்படுதல். எட்டு, முறையீடு செய்தல்.

தோழர்களே, இந்த எட்டையும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். இவற்றில் ஒன்றிலாவது ‘இத்தனை வெள்ளி’ என்ற பேச்சு இருக்கிறதா? இல்லை. காயம்பட்ட மனிதனை மனிதனாக நடத்து என்பதே எட்டுக்கும் சாரம்.

‘மரியாதை சோறு போடுமா?’ என்று நம்மில் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் யோசித்துப் பாருங்கள். என்ன கேட்கிறார்கள் என்று புரியாமல் தலையாட்டியதால் கோரிக்கை தள்ளுபடியானால், போவது மரியாதை மட்டுமா? சோறும் அல்லவா போகிறது! மேல்முறையீடு உண்டு என்பதை ஒருவரும் சொல்லாததால் தவணை கடந்துபோனால், இழப்பது வெறும் தகவலையா? பணத்தையும் அல்லவா இழக்கிறோம்! பணம் வந்து சேரும் பாதை சரியாக இருந்தால்தான் பணம் கைக்கு வரும். அந்தப் பாதையைப் பற்றியதுதான் உரிமைக் கோவை.

தொழிலாளிக்கு மட்டுமே தெரிந்தவை

சட்டம் எழுதுவது படித்தவர்களின் வேலை, பால் வெட்டுகிறவர்களைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். காரியாலயத்தில் உட்கார்ந்து எத்தனை புத்தகம் புரட்டினாலும் கிடைக்காத விஷயங்கள் சில உண்டு. அவை நிரைக்குள்ளே இருக்கின்றன.

முதலாவது, சாட்சி. விபத்தைக் கண்டவர் யார் என்று படிவம் கேட்கிறது. ஆலையில் வேலை செய்பவருக்குப் பக்கத்திலேயே பத்துப் பேர் இருப்பார்கள். பால்வெட்டுத் தொழிலாளி விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு தம் நிரைக்குள் தனியாகப் போகிறார். அடுத்த நிரைக்காரர் எங்கோ இருக்கிறார். பாம்பு கடித்தாலும், ஏணியிலிருந்து விழுந்தாலும் அங்கே சாட்சி ரப்பர் மரங்கள்தாம். ஆகவே தனியே வேலை செய்வோரின் விபத்தை எப்படி நிச்சயிப்பது என்று கோவையில் எழுதவேண்டும். இதை எழுதச் சொல்லித்தர யாரால் முடியும்? நிரையில் தனியாக விழுந்து கிடந்தவரால் முடியும்.

இரண்டாவது, சராசரி. வேலைக்குப் போக முடியாதபடி மருத்துவ விடுப்பில் இருப்பவருக்கு, அந்த விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாதிருந்தால், அன்றாடச் சராசரிச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். அந்தச் சராசரி, விபத்துக்கு முந்திய ஆறு மாதச் சந்தாவைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. மாதச் சம்பளக்காரருக்கு இதனால் நஷ்டமில்லை. கிலோக் கணக்கில் கூலி வாங்குபவரின் நிலை என்ன? ஆண்டுக் கடைசி மழையில் வெட்டு நாட்கள் போகின்றன. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இலையுதிர்ந்து பால் சுண்டுகிறது. ஜூன் மாதத்தில் அடிபட்டவரின் ஆறு மாதக் கணக்கில் டிசம்பர் முதல் மே வரை வருகிறது. ஆண்டின் மிக மெலிந்த மாதங்கள் அத்தனையும் அதற்குள் அடக்கம். அதே தொழிலாளி நவம்பரில் அடிபட்டிருந்தால் சராசரி உயர்ந்திருக்கும். காயம் ஒன்றே, கை ஒன்றே, கணக்கு மட்டும் இரண்டு! இதைச் சட்டம் எழுதுகிறவர் வேண்டுமென்று செய்தார் என்று நாம் சொல்லவில்லை. மரம் இலையுதிர்க்கும் காலம் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கணக்கையே மாற்றுவது சட்டசபையின் வேலை என்றாலும், அது எப்படிப் போடப்பட்டது என்று தொழிலாளிக்கு வரிவரியாக விளக்கிக் காட்டும் கடமையைக் கோவையில் எழுத முடியும்.

மூன்றாவது, டாக்டர்கள் குழு. நிரந்தர ஊனம் எத்தனை விழுக்காடு என்று தீர்மானிப்பது மருத்துவர் குழுவின் பொறுப்பு. ஊனம் 20 விழுக்காட்டுக்கு மேற்படாவிட்டால் அதை ஒரே தொகையாக வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டால் பெரும்பகுதி மாதந்தோறும் வரும். ஆகவே 19-க்கும் 21-க்கும் உள்ள வித்தியாசம் இரண்டல்ல. ஒரு குடும்பத்தின் எதிர்காலம். சட்டத்தில் இணைத்துள்ள அட்டவணை எந்த விரல், எத்தனை கணு என்று பார்க்கிறது. அந்த விரலால் உளி பிடிக்க வேண்டுமா, பேனா பிடிக்க வேண்டுமா என்று அது பார்ப்பதில்லை. பட்டையில் ஆழம் தவறாமல், மரத்தைக் காயப்படுத்தாமல் வெட்டுவதற்குக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் எப்படி அழுந்தவேண்டும் என்பதைத் தொழிலாளி தம் வாயால் எடுத்துச் சொல்லவேண்டும். அதைச் சொல்ல அவகாசமும், சொன்னதை மொழிபெயர்க்க ஆளும் உண்டா? உண்டு என்று கோவையில் எழுதியிருந்தால், இல்லாதபோது தட்டிக் கேட்கலாம்.

நான்காவது, பெயரில்லாத உழைப்பாளிகள். கணவனுக்குக் கைக்குதவியாக மங்கு துடைக்கவும், ஒட்டுப்பால் பொறுக்கவும், வாளி தூக்கவும் வரும் பெண்கள் நம் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். செக்ரோலில் அவர்கள் பெயர் ஏறியதில்லை. பெயரில்லாத இடத்தில் சந்தா இல்லை. சந்தா இல்லாத இடத்தில் சண்டை இல்லாமல் நஷ்டஈடு கிடைப்பதில்லை. இப்படி ஒரு வகையினர் இருக்கிறார்கள் என்பதே எந்த ரிஜிஸ்தரிலும் இல்லாதபோது, கேட்டறிவதைத் தவிர வேறு எந்த வழியால் அது வெளிவரும்?

கிராணிமார்களுக்கு ஒரு சொல்

இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களில் நம் கிராணித் தோழர்களும் பலர். அவர்களோடு கொஞ்சம் மனம்விட்டுப் பேச விரும்புகிறோம்.

விபத்து நடந்தால், தெரியவந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்கவேண்டும். சட்டம் முதலாளி என்று சொன்னாலும் பேனா பிடிப்பது யார்? நாம்தான். விபத்து எப்படி நடந்தது என்று இரண்டு வரியில் எழுதுகிறோம். அந்த இரண்டு வரி, பிறகு அந்த மனிதனின் வாழ்நாள் முழுதும் பேசுகிறது. ‘கவனக்குறைவால் விழுந்தார்’ என்று எழுதுவதற்கும், ‘மழையில் வழுக்கிய படிக்கட்டு நிரையில் பால் வாளியோடு இறங்கும்போது விழுந்தார்’ என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததல்ல. ‘ஐயா, எங்கே கையெழுத்து வைக்கணும்?’ என்று நம்மை நம்பிக் கேட்பவருக்கு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் மொழியில் வாசித்துக் காட்டுவது இன்று நம் நல்ல குணத்தைப் பொறுத்திருக்கிறது. அது அவருடைய உரிமையாகவும் நம்முடைய கடமையாகவும் ஆகவேண்டும். அப்படி ஆகிவிட்டால் நமக்கும் அது கவசம். ‘வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, துரை’ என்று நாமும் நிமிர்ந்து சொல்லலாம்.

கிராணி ஒரு பக்கம், வெட்டுத் தொழிலாளி ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தது பழைய தோட்ட முறை. சொக்சோவில் இருவரும் ஒரே சந்தாதாரர்கள். மோட்டார் சைக்கிளில் தோட்டத்துச் சாலையில் விழுந்தால் கிராணியின் எலும்பும் முறியத்தான் செய்யும்.

சாசனம் வேறு, கோவை வேறு

நம் அரசாங்க இலாகாக்களில் 1993 முதல் வாடிக்கையாளர் சாசனம் என்று ஒன்று இருந்துவருகிறது. இன்ன வேலையை இத்தனை நாளில் முடிப்போம் என்று சுவரில் எழுதித் தொங்கவிடுகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அதை எழுதியவர் யார்? கவுன்ட்டருக்கு உள்ளே இருப்பவர். அவர் தம்மால் முடிந்ததை வாக்குறுதியாக எழுதியிருக்கிறார். கவுன்ட்டருக்கு வெளியே நிற்பவருக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதியதல்ல. வாக்குறுதி என்பது கொடுத்தவரின் மனத்தைப் பொறுத்தது. உரிமை என்பது பெற்றவரின் கையில் இருப்பது. சட்டத்தில் இடம்பெற்று, மக்களைக் கேட்டு எழுதப்பட்ட கோவையைத்தான் நாம் உரிமை என்கிறோம். நம் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கோவை இல்லை.

‘சொக்சோ வாரியத்தில் தொழிலாளர் பிரதிநிதிகள் இருக்கிறார்களே, அது போதாதா?’ என்று கேட்பார்கள். இருக்கிறார்கள், இருக்கவும் வேண்டும். ஆனால் பிரதிநிதி வேறு, காயம்பட்டவர் வேறு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். பிரதிநிதி மேசையில் பேசுவதற்குக் கையில் விஷயம் வேண்டும். மக்களைக் கேட்பது அவருடைய இடத்தைப் பிடுங்குவதல்ல. அவர் கைக்கு விஷயத்தைக் கொடுப்பது.

மக்களைக் கேட்டு எழுதுவது இந்த மண்ணுக்குப் புதிதுமல்ல. சுதந்திர மலாயாவின் அரசியல் சட்டத்தை வரைய 1956-ல் வந்த ரீட் கமிஷன், ஸ்தாபனங்களிடமிருந்தும் தனி மனிதர்களிடமிருந்தும் 131 மனுக்களைப் பெற்றது. ஒரு தேசத்தின் சட்டத்தையே எழுதுமுன் கேட்க முடிந்ததென்றால், கவுன்ட்டரில் நம்மை எப்படி நடத்தவேண்டும் என்பதைக் கேட்பது முடியாத காரியமா?

எப்படிக் கேட்கவேண்டும்?

கேட்பதிலும் இரண்டு விதம் உண்டு. முடிவை எழுதி மேசை அறைக்குள் வைத்துவிட்டு, ‘உங்கள் கருத்து என்ன?’ என்று கேட்பது ஒரு விதம். அது கண்துடைப்பு. உண்மையாகக் கேட்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. அவற்றை நாம் இப்போதே சொல்லிவைக்கிறோம்.

1. வரைவு மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தால் போதாது. தமிழிலும், இன்று தோட்டங்களில் வேலை செய்யும் வங்காள தேசத்தவர், நேப்பாளத்தார் ஆகியோரின் மொழிகளிலும் வரவேண்டும். எளிய நடையில் இருக்கவேண்டும்.

2. எழுத்தில் மட்டும் கேட்கக் கூடாது. வாய்ச்சொல்லாகச் சொன்னதையும் சாட்சியமாக ஏற்று, எழுதி, சொன்னவருக்கே திரும்ப வாசித்துக் காட்டவேண்டும்.

3. கூட்டம் பட்டணத்து ஹோட்டலில் காலை ஒன்பது மணிக்கு வைத்தால் அங்கே வருபவர் யார்? அந்த நேரத்தில் நம் தொழிலாளி மரத்தடியில் இருப்பார். பால் நிறுத்துக் கொடுத்து, குளித்து, சாப்பிட்ட பிறகு, தோட்டத்துக் கோயில் மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ வைக்கவேண்டும்.

4. நிர்வாகத்தார் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வைத்துக் கேட்கக் கூடாது. துரையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே துரையைப் பற்றிச் சாட்சி சொல்ல எவருக்கும் துணிவு வராது. சொன்னவர்மீது பழிவாங்கும் நடவடிக்கை எடுக்கப்படாது என்ற உத்தரவாதமும் வேண்டும்.

5. அவகாசம் போதுமானதாக இருக்கவேண்டும். இரண்டு வாரத்தில் முடித்துவிட்டு, ‘யாரும் ஒன்றும் சொல்லவில்லை’ என்று எழுதிக்கொள்வது நியாயமாகாது. சம்பள நாள் மும்முரமும் மழைக்காலமும் கழித்து எண்ணவேண்டும்.

6. கேட்டு முடித்த பின், எவற்றை ஏற்றார்கள், எவற்றை ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை என்று அச்சிட்டு வெளியிடவேண்டும். இது மிக முக்கியம். காரணம் சொல்லவேண்டிய கட்டாயம் இருந்தால்தான் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

அயல்நாட்டுத் தோழர்களும் நம்மவரே

நம் ரப்பர் தோட்டங்கள் பல இன்று செம்பனையாகிவிட்டன, சில வீட்டுமனைகளாகிவிட்டன. மிஞ்சிய நிரைகளில் நமக்குப் பக்கத்தில் அயல்நாட்டுத் தோழர்கள் வெட்டுகிறார்கள். 1993-லிருந்து பல ஆண்டுகள் அவர்கள் சொக்சோவில் சேர்க்கப்படாமல் பழைய 1952 சட்டத்தின்கீழ் விடப்பட்டிருந்தார்கள். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் வேலை விபத்துக்குச் சொக்சோ பாதுகாப்பு அவர்களுக்கு வந்தது. ஒரே நிரையில், ஒரே உளியில், ஒரே காயத்துக்கு இரண்டு சட்டம் இத்தனை ஆண்டு நடந்தது!

நம் பாட்டன்மார் கப்பலில் வந்து இறங்கியபோது, இந்நாட்டு மொழி தெரியாமல், எந்தக் காகிதத்தில் ரேகை வைக்கிறோம் என்று அறியாமல் நின்றார்கள். இன்று அதே நிலையில் இன்னொருவர் நிற்கிறார். அவரைக் கேட்காமல் எழுதும் உரிமைக் கோவை பாதிக் கோவைதான். அவருக்குக் குறைந்தால் நமக்கும் குறையும். மலிவான காயம் எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் ஆபத்தான வேலையும் போகும்.

குறையையும் சொல்லவேண்டும்

நியூசிலாந்து செய்தது எல்லாம் பொன் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர்களுடைய கோவையிலும் ஓர் இடுக்கு உண்டு. கோவை மீறப்பட்டது என்று முறையிட்டு, அம்முறையீட்டின் முடிவைச் சுயேச்சையான மறுவிசாரணைக்குக் கொண்டுபோகலாம். ஆனால் அந்த மறுவிசாரணையின் முடிவை எதிர்த்து டிஸ்டிரிக்ட் கோர்ட்டுக்கு அப்பீல் போக அவர்கள் சட்டம் இடம்கொடுக்கவில்லை. உரிமையைக் கொடுத்துவிட்டு, அதைக் காக்கும் கடைசிக் கதவைச் சாத்திவைத்தது போன்றது இது.

நம் நாட்டில் சொக்சோவின் முடிவுகளை எதிர்த்துச் செல்ல மேல்முறையீட்டு மருத்துவர் குழுவும், சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியமும் ஏற்கனவே இருக்கின்றன. நாம் கேட்கும் கோவை மீறப்பட்டால் அதையும் அந்த வாரியத்தின் முன் கொண்டுபோக வழி வைக்கவேண்டும். பிறர் எழுதிய ஏட்டைப் பார்த்து எழுதும்போது, அவர்கள் விட்ட பிழையையும் சேர்த்து எழுதவேண்டியதில்லை.

நாம் செய்யவேண்டியது

அரசாங்கம் கேட்கும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். ஒவ்வொரு தோட்டக் கிளையும் அடுத்த மாதத்துக்குள் ஒரு மாலைக் கூட்டம் கூட்டட்டும். கடந்த சில ஆண்டுகளில் அடிபட்டவர்கள், அவர்களுடைய மனைவிமார், விதவைகள் எல்லாரையும் அழையுங்கள். ‘என்ன கிடைத்தது?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘என்ன சொன்னார்கள், எந்த மொழியில் சொன்னார்கள், எத்தனை முறை அலைந்தீர்கள், பஸ்ஸுக்கு எவ்வளவு செலவாயிற்று, எந்த இடத்தில் வேண்டாம் என்று விட்டுவிட்டீர்கள்?’ என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். பாதி வழியில் கைவிட்டவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. தள்ளுபடியான கோரிக்கைக்கு ஒரு நம்பராவது இருக்கும். கேட்காமலே விட்டதற்கு நம்பரும் இல்லை.

கிராணித் தோழர்கள் பேனாவோடு உட்காரட்டும். சொல்கிறவர் சொன்ன வார்த்தையையே எழுதட்டும்; திருத்தி அழகுபடுத்த வேண்டாம். எழுதியதை வாசித்துக் காட்டி, பிறகு கையெழுத்தோ ரேகையோ வாங்கட்டும். பெயர் வெளியிட விரும்பாதவரின் பெயரை மறைத்துவிடலாம். கிளைகளிலிருந்து வருவதை ஒன்றுசேர்த்து, மனிதவள அமைச்சின் முன் நாம் மனுவாக வைப்போம். அப்போது ‘தொழிலாளர்களுக்குக் கருத்தில்லை’ என்று எவரும் சொல்ல முடியாது.

எட்டு உரிமையோ, பத்து உரிமையோ, எண்ணிக்கை நமக்குப் பெரிதல்ல. அதை எழுதும் மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி போடப்படவேண்டும். அதில் விரல் இழந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் உட்கார்ந்து, தம் மொழியில், அவசரமில்லாமல் பேசவேண்டும். எதிரே இருப்பவர் எழுதிக்கொள்ளவேண்டும். இதுதான் நாம் கேட்பது. இதைக் கொடுப்பதற்குக் கஜானா காலியாகிவிடாது.

கிளைச் செயலாளர்கள் கூட்டத் தேதியை உடனே நமக்கு எழுதி அனுப்புக.